பூட்டி வைத்த பேட்ஜுகள்

ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு,

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து சில நாளில் எனக்கே புரியாது. ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு சூலூரில் விசைத்தறிக்குப் போனவன் நான். பெரிய ற வரவேண்டிய இடத்தில் சின்ன ர போட்டிருப்பேன், ஒற்று விட்டிருப்பேன். திருத்தித் தருகிறேன் என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதை அவள் படிப்பதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உங்களிடம் நேரில் வந்தும் சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வார்த்தை வராது. அப்படி வராமல் போனதால் நடந்ததைத்தான் எழுதப்போகிறேன்.

கோயமுத்தூரில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம் தியேட்டர் அட்டெண்டராக இருந்தேன். பெயர் வேண்டாம். எக்ஸ்ரே டெக்னீஷியன் எந்நேரமும் கீழே படம் எடுத்துக்கொண்டிருப்பார். அதனால் தியேட்டருக்குள் சி-ஆர்ம் எக்ஸ்ரே மிஷினைத் தள்ளி நிறுத்துவதும், அதன் கால் சுவிட்சை மிதிப்பதும் என் வேலையாகிவிட்டது. ஒடிந்த கை காலைப் பிடித்துக்கொள்வது பாயின் வேலை. அவருடைய கை எப்படிப் போனது, அது இந்த வேலையால் போனது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதுதான் விஷயம்.

பாய் என்றால் எங்கள் மாவுக்கட்டு பாய். உக்கடத்துக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் வேலைக்குச் சேரும்போதே அவர் பழைய ஆள். அப்போது சி-ஆர்ம் கிடையாது. கீழே ஓர் இருட்டு அறையில் பழைய எக்ஸ்ரே திரை மிஷின் இருந்தது. பிள்ளைகள் கையை ஒடித்துக்கொண்டு வந்தால் அந்தத் திரையில் பார்த்துக்கொண்டேதான் இழுத்து நேராக்குவார்கள். பிடித்துக்கொள்வது பாய். அழுகிற பிள்ளையிடம், "கண்ணு, உன்ற எலும்பு என்ன இப்படி மின்னுது! உங்கம்மா பால்ல தண்ணியே ஊத்தறதில்லையாட்டம் இருக்குது" என்பார். பிள்ளை திரையைப் பார்க்கும். அதற்குள் எலும்பு சேர்ந்துவிடும். அந்த வெளிச்சத்துக்குள் பிள்ளையின் கை இருந்தது ஒரு நிமிடம். பாயின் கை இருந்தது அத்தனை வருடம்.

சி-ஆர்ம் வந்தபோது எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. வளைந்த இரும்புக் கை, பக்கத்தில் டிவி. சுவிட்சை மிதித்தால் எலும்பு தெரியும், காலை எடுத்தால் நின்றுவிடும். அப்போது எங்கள் தலைமை சர்ஜனைப் பெரிய டாக்டர் என்போம். அவர் அந்த மிஷினை மதிக்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் எலும்பை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே போவார். நாங்கள் மூச்சுவிடாமல் நிற்போம். அப்புறம் "கை" என்பார். அதற்கு எல்லோரும் கையை எடுங்கள் என்று அர்த்தம். பாய் காலை மணல் மூட்டை மேல் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் வருவார். "பழனி, ஒண்ணு" என்பார் டாக்டர். நான் ஒரு மிதி மிதிப்பேன். அந்த ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நிற்பார். எனக்குத்தான் பொறுமை இருக்காது.

ஒருநாள் ஆர்வத்தில் அவர் கேட்காமலே இரண்டாவது தடவை மிதித்துவிட்டேன். மெதுவாகத் திரும்பினார்.

"ஏப்பா, யாரு கேட்டா?"

"தெளிவாத் தெரியட்டும்னுங்க."

"எனக்குத் தெளிவாத்தான் தெரியுது. உனக்குத் தெரியோணும்னா சினிமாவுக்குப் போ."

தியேட்டரே சிரித்தது. பாய்தான் அதிகம் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று அவமானமாக இருந்தது. கேட்காமல் மிதிக்கக் கூடாது என்று மட்டும் பிடித்துக்கொண்டேன். கேட்டாலும் மிதிக்கக் கூடாத நேரம் ஒன்று உண்டு என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

அந்த மிஷினில் ஒரு மணி உண்டு. மிதித்த நேரமெல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆனால் கத்தும். பொத்தானை அமுக்கினால் நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து எண்ணும். பெரிய டாக்டர் கேஸில் அந்த மணிச் சத்தத்தை நான் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. அப்படி ஒரு மணி இருப்பதே எனக்குச் சின்ன டாக்டர் வந்த பிறகுதான் தெரியும்.

பெரிய டாக்டருக்குச் சர்க்கரையால் பார்வை மங்கி, அவர் ஓய்வெடுத்துக்கொண்டார். தொண்ணூறில் சின்ன டாக்டர் வந்தார். அவரைப் பற்றித் தப்பாக எழுத மாட்டேன். நல்ல மனுஷன். ஏழைப்பட்டவர்களிடம் கடிந்து பேச மாட்டார். படித்து முடித்து அப்போதுதான் வந்திருந்தார், கை இன்னும் பழகவில்லை. அவ்வளவுதான். கை பழகாதவருக்குக் கண் வேண்டியிருக்கிறது. அந்தக் கண் என் காலடியில் இருந்தது.

காலெலும்புக்குள் கம்பி இறக்கும் கேஸ் உங்களுக்குத் தெரியும். கம்பி இறங்கிய பிறகு, அதன் கீழ்முனையில் இருக்கும் ஓட்டைக்குள் வெளியிலிருந்து திருகாணி போகவேண்டும். ஓட்டை எலும்புக்குள் ஒளிந்திருக்கும். படத்தில் அது வட்டமாகத் தெரிகிற வரை காலைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டும். பெரிய டாக்டர் அதை நாலைந்து படத்தில் முடிப்பார். சின்ன டாக்டருக்கு முதல் வருடங்களில் அது பெரிய சோதனை.

ஒரு கேஸ் இன்னும் கண் முன்னால் இருக்கிறது. வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஆள், மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து கால் முறிந்து வந்திருந்தார். பகல் பதினொரு மணி. கம்பி நன்றாக இறங்கிவிட்டது. திருகாணி போகவில்லை.

"போடு பழனி."

மிதித்தேன்.

"இன்னொண்ணு. பாய், கொஞ்சம் உள்பக்கமாத் திருப்புங்க. அய்யோ, அவ்வளவு இல்லீங்க."

"இப்பப் போதுங்களா?"

"அப்படியே புடிங்க. விட்றாதீங்க. பழனி, மிதிச்சுட்டே இரு."

மிதித்துக்கொண்டே இருந்தேன். துணிக்கு அடியிலிருந்து பாய் இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்திருந்தார். டிவியில் நோயாளியின் எலும்பு தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் பாயின் விரலெலும்புகள் தெரிந்தன. மோதிர விரலில் வெள்ளி மோதிரம் கறுப்பு வளையமாகத் தெரிந்தது.

கத்தி எடுத்துக் கொடுக்கும் சிஸ்டர் சொன்னார்: "பாய், உங்க மோதிரம் குறுக்க வருதுங்க. கழட்டி வெக்கலாமில்ல?"

"கழட்டுனா என்ற சம்சாரம் வீட்டுக்குள்ள விடாதுங்க சிஸ்டர்."

நான்கூட வாய் திறந்தேன். "உங்க கையை உங்க சம்சாரத்தவிட நான்தான் அதிகமாப் பாத்திருப்பேனுங்க பாய்."

"நீ தோலுக்கு உள்ள பாக்கற ஆளு. உன்னோட போட்டி போட முடியுமா?"

எல்லோரும் சிரித்தோம். மிதித்துக்கொண்டே நானும் சிரித்தேன்.

மணி அடித்தது. "அத நிறுத்து பழனி, கவனம் சிதறுது" என்றார் டாக்டர். நிறுத்தினேன். மறுபடியும் அடித்தது. நிறுத்தினேன். அன்று மூன்று தடவை அந்த மணியின் வாயை நான் அடைத்தேன். மூலையில் மணல் மூட்டை இருந்தது. "மூட்டை வெக்கட்டுங்களா டாக்டர்?" என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. வியர்த்துப்போய், உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கும் ஒரு டாக்டரிடம், ஐந்தாம் வகுப்புக்காரன் யோசனை சொல்வதா என்று விழுங்கிவிட்டேன். மிதித்த கால் என்னுடையது. அதை எடுக்க நான் யாரையும் கேட்டிருக்க வேண்டியதில்லை.

எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈயக் கோட்டு எங்களிடம் உருப்படியாக இரண்டுதான் இருந்தது. ஒன்று டாக்டருக்கு, ஒன்று உதவி டாக்டருக்கு. மூன்றாவது, மடித்து மடித்து நடுவில் விரிசல் விட்டுப்போனது. அதைத் தூசி படாமல் இருக்க மிஷின் மேல் போர்த்தி வைத்தோம். மிஷின் விலை உயர்ந்தது அல்லவா. நான் டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். பாய்க்கு அந்த வசதியும் இல்லை. அவர் பிடிக்கும் இடம்தான் படம் எடுக்கும் இடம்.

எஸ்டேட்காரர் நாலு மாதம் கழித்து நடந்தே வந்தார். பாய்க்கு ஒரு பொட்டலம் டீத்தூள் கொண்டுவந்து கொடுத்தார். சின்ன டாக்டர் கையும் வருடத்துக்கு வருடம் தேறியது. நாலைந்து வருடத்தில் அவர் கேஸிலும் மணி அடிப்பது குறைந்துவிட்டது. இன்று ஊரில் அவருக்கு நல்ல பெயர். தகுதியான பெயர்தான். ஆனால் அவர் பழகிய ஒவ்வொரு ஓட்டையும் பாயின் விரல்களுக்கு நடுவில் வைத்துப் பழகியது.

இனி பேட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன்.

சி-ஆர்ம் வந்தபோதே, கதிர் எவ்வளவு படுகிறது என்று அளக்கும் பேட்ஜும் வந்தது. சட்டையில் மாட்டிக்கொள்வது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டி பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். அங்கே பார்த்து ஆளுக்கு இவ்வளவு என்று ரிப்போர்ட் அனுப்புவார்கள். டாக்டர்களுக்கும் சிஸ்டருக்கும் போதும் என்று ஆபீஸில் சொன்னார்கள். பெரிய டாக்டர்தான் சண்டை போட்டு, "காலப் புடிக்கறவருக்கும் வேணும், மிதிக்கறவனுக்கும் வேணும்" என்று பாய்க்கும் எனக்கும் வாங்கிக் கொடுத்தார்.

முதல் வருடமே ஒரு பேட்ஜ் தியேட்டர் துணியோடு சலவைக்குப் போய் வெந்துவிட்டது. இன்னொன்று காணாமல் போனது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "பம்பாய்க்கு நான் பதில் எழுதோணும் பழனிச்சாமி. நாலு பேட்ஜைப் பாத்துக்கத் துப்பில்லையா? இனி இது உங்க பொறுப்பு. ஒண்ணு தொலைஞ்சாலும் உங்களைத்தான் கேப்பேன்."

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. அன்றே எல்லா பேட்ஜையும் வாங்கி, தியேட்டர் ஆபீஸ் அறையில் இருக்கும் இரும்பு அலமாரிக்குள் வரிசையாக வைத்துப் பூட்டினேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். மூன்று மாதம் ஆனால் எடுத்து, துடைத்து, கட்டி அனுப்புவேன். புதிது வந்தால் மறுபடி உள்ளே. ஒன்றுகூடத் தொலையவில்லை, ஒன்றில்கூட ரத்தக் கறை இல்லை. ஓர் ஆயுத பூஜை அன்று எல்லோர் முன்னாலும் மேனேஜர் என்னைப் பாராட்டினார். எனக்கு வேலையில் கிடைத்த ஒரே பாராட்டு அது.

யாரும் கேட்கவில்லையா என்றால், யாரும் கேட்கவில்லை. சிஸ்டருக்கு அது முந்தானையில் குத்தும். சின்ன டாக்டர் ஒருநாள் சொன்னார்: "உள்ளயே இருக்கட்டும் பழனி. போட்டா கணக்கு ஏறிரும். ஏறுனா மூணு மாசம் தியேட்டர் பக்கம் வராதேம்பாங்க. என் பொழப்பு என்னாகறது?" பாய்க்கு அது வேடிக்கை. "என்ற சம்சாரம் நகைக்கு வீட்டுல பூட்டு இல்ல. என்ற பிளாஸ்டிக் டப்பாவுக்கு இரும்பு அலமாரி. இருக்கட்டும், இருக்கட்டும்."

ரிப்போர்ட் ஒவ்வொரு தடவையும் சுத்தமாக வந்தது. யார் பேருக்கு நேராகவும் ஒன்றும் ஏறவில்லை. அதை நோட்டீஸ் பலகையில் குத்தி வைத்தோம். அதைப் பார்த்து நாங்களே நம்பினோம். அதுதான் கொடுமை. அலமாரிக்குள் இருந்த இருட்டை அளந்து அனுப்பிவிட்டு, எங்களுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்தோம்.

பாயின் விரல் தோல் முதலில் காய்ந்தது. நகத்தில் கறுப்புக் கோடு ஓடியது. வெடித்தது. மாவுக்கட்டு போடுகிற கை, மாவு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே முடிவு கட்டினார். தேங்காய் எண்ணெய் தடவினார். தோல் டாக்டரும் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரேயாக இருக்காது, மாவுதான் என்று களிம்பு கொடுத்தார். ஒரு வருடத்துக்கு மேல் களிம்பு. மோதிர விரலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. விரல் வீங்கி, எங்கள் தியேட்டரிலேயே அந்த மோதிரத்தை வெட்டி எடுத்தோம். வெட்டும்போது பாய் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய். மோதிர விரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். அங்கே இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எக்ஸ்ரேல கைய வெச்சு வேலை பாக்கறீங்களா?" என்பதுதான். பாய் ஆமாம் என்றிருக்கிறார். அப்படியானால் வேலை பார்க்கிற இடத்தில் எழுதி வாங்கி வாருங்கள், மேற்கொண்டு வைத்தியத்தை அவர்கள் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

பாய் கேட்டது அந்த ஒரு காகிதம்தான். இந்த வேலையால் வந்தது என்று ஒரு வரி.

மேனேஜர் அறையில் ஒரு மத்தியானம் கூடினோம். மேனேஜர், சின்ன டாக்டர், சிஸ்டர், நான். கதவோரம் நாற்காலியில் பாய், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் எட்டு வருட ரிப்போர்ட்டும் அடுக்கி வைத்திருந்தது. அடுக்கிக் கொடுத்தவன் நான்தான்.

"பாய், உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க" என்றார் மேனேஜர். "ஆனா எக்ஸ்ரேயாலதான் வந்துச்சுன்னு நான் கையெழுத்துப் போடோணும்னா ஆதாரம் வேணுமுங்களே. இத்தன வருஷத்துல உங்க பேருக்கு நேரா ஒரு புள்ளிகூட ஏறலை. நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்றதுங்க?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "பழனிச்சாமி, பேட்ஜெல்லாம் உங்க பொறுப்புதான? எல்லாரும் போட்டுட்டுத்தான வேலை பாத்தாங்க?"

சாவி என் இடுப்பில் இருந்தது. சட்டைக்கு அடியில் அது தோலில் படுவது தெரிந்தது. சின்ன டாக்டர் மேஜைக் கண்ணாடியைப் பார்த்தார். சிஸ்டர் தன் கைக்குட்டையைப் பார்த்தார். மேனேஜரைத் தவிர அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் பதில் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்குமோ என்று இப்போது சந்தேகப்படுகிறேன். பாய் மட்டும் என்னைப் பார்த்தார்.

இல்லைங்க என்றால் என்ன ஆகும் என்று என் மனசு ஓடியது. எட்டு வருட ரிப்போர்ட்டும் பொய்யாகிவிடும். பூட்டியவன் யார் என்று கேட்பார்கள். வேலை போகும். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஆயுத பூஜையில் பாராட்டியதும் அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது, வெட்கமாக இருக்கிறது சொல்ல. வாய் திறக்கவில்லை. தலைதான் ஆடியது. ஆமாம் என்று ஆடியது.

"அப்புறமென்னங்க" என்றார் மேனேஜர்.

பாய் எழுந்தார். இடது கையால் கதவைத் திறந்தார். போகும்போது சிஸ்டரிடம் சொன்னார்: "கீழ் ரூம்ல ரெண்டு டப்பா மாவு ஈரம் பட்டுக் கெடக்குதுங்க சிஸ்டர். வெயில்ல வெக்கச் சொல்லுங்க. இல்லாட்டி கட்டி தட்டிப் போயிரும்."

அவ்வளவுதான். இருபத்தைந்து வருட வேலை.

பாய் இடத்துக்கு அவிநாசிப் பக்கத்து ஆள் ஒருவர் வந்தார். இரண்டு குழந்தைக்குத் தகப்பன். சின்ன டாக்டருக்கு உதவியாகப் படிப்பு முடித்த புது டாக்டர் ஒருவரும் வந்திருந்தார். இப்போது ஓட்டை தேடுவது அவர் முறை. பக்கத்தில் நின்று பார்ப்பது சின்ன டாக்டர். நான் பழையபடி சுவிட்சில். டிவியில் வேறு ஒருவருடைய விரலெலும்புகள் வந்தன.

அன்று என் கால் தானாக எழுந்துவிட்டது.

"என்னாச்சு? கரண்ட் போச்சா?" என்றார் புது டாக்டர்.

"இல்லீங்க. கை இருக்குதுங்க."

புது டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சின்ன டாக்டர் தாழ்ந்த குரலில், "மணல் மூட்டைய எடுத்து வைங்க" என்றார். வைத்தோம். அவிநாசிக்காரர் கையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். கேஸ் முடிந்தது. கால் மணி நேரம்கூட அதிகமாகவில்லை.

அன்று நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. கை இருக்குதுங்க. அவ்வளவு சின்ன பேச்சு. அதை அந்த எஸ்டேட்காரர் கேஸில் சொல்லியிருக்கலாம். அதற்கு அடுத்த கேஸில் சொல்லியிருக்கலாம். அதற்கும் அடுத்ததில் சொல்லியிருக்கலாம். நீங்கள் என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவருடைய கை போன பிறகுதான் எனக்கு அந்தப் பேச்சு வந்தது.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். பேட்ஜை யாரும் போட்டதில்லை, நான்தான் பூட்டி வைத்திருந்தேன் என்று சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இத அன்னிக்குச் சொல்றதுக்கென்ன?"

அவரே மேலே பேசினார்.

"இப்ப நான் என்ன பண்ணட்டும்? எட்டு வருஷமும் பொய்க்கணக்கு அனுப்புனோம்னு எழுதட்டுமா? எழுதுனாலும் பாய்க்கு எவ்வளவு பட்டுச்சுன்னு யாரு சொல்லுவா? உங்களுக்கே எவ்வளவுன்னு யாரு சொல்லுவா? போங்க பழனிச்சாமி. போய் வேலையப் பாருங்க."

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மார்பில் மாட்டுகிற பேட்ஜ் கைக்குப் பட்டதை முழுசாகக் காட்டியிருக்காது என்று பிற்பாடு ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். இருக்கலாம். ஏதோ கொஞ்சம் காட்டியிருக்கும். அந்தக் கொஞ்சத்தைப் பார்த்து, யாராவது ஒருத்தர், இந்த ஆளுக்கு ஏன் ஏறுகிறது என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வி வரவே விடாமல் செய்தது என் பூட்டு.

அடுத்த வெள்ளிக்கிழமை உக்கடத்துக்குப் போனேன். அதற்குள் பாய்க்கு மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அக்குளில் கட்டி வந்திருந்தது. ஆள் பாதியாகியிருந்தார். அவர் சம்சாரம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனது.

"என்ன பழனி, ஊமையாட்டம் உக்காந்திருக்கற? மிஷின் நல்லாருக்குதா?"

"பாய், அன்னிக்கு மேனேஜர் ரூம்ல..."

"தெரியும். சாவி உன்ற இடுப்புலதான கெடந்துச்சு."

"நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமுங்களே பாய். பேட்ஜு போடலைன்னு. உங்களுக்குத்தான் தெரியுமே."

அவர் கை போன பக்கத்துத் தோளைத் தடவிக்கொண்டார். "நான் சொன்னா உன்னை அனுப்பிப்போடுவாங்க. உனக்கும் புள்ள இருக்குது. நான் எதுக்கு அதச் செய்யோணும்?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீயே சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை என்பதுபோலச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மேனேஜரிடம் இப்போது சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். "சரி" என்றார். காகிதம் கிடைக்குமா என்று கேட்கவில்லை. கிடைக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வருடம் மழைக்காலத்தில் பாய் இறந்துபோனார். நான் இன்னும் சில மாதம் சுவிட்சை மிதித்தேன். பிறகு முடியவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு வருடம் ஆகிறது. தினமும் காலையில் என் நகங்களை வெளிச்சத்தில் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்றவனுக்கு ஒன்றும் இல்லை. அதில் எனக்கு நிம்மதியும் இல்லை.

பெரிய புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பேட்ஜ் தொலைந்தால் தொலையட்டும், சட்டையில் இருக்கட்டும். திரையில் உயிரோடு இருக்கிற ஆளின் விரல் தெரிந்தால், பிடித்திருப்பது யாராக இருந்தாலும், கேட்பது எந்த டாக்டராக இருந்தாலும், காலை எடுத்துவிடுங்கள். புதிதாக வந்த டாக்டர் என்றால் இன்னும் சீக்கிரம் எடுங்கள். அவருக்குப் பழக்கம் வருகிற வரைக்கும் பக்கத்தில் நிற்பவர்களின் கைதான் செலவாகிறது. இதைப் படித்தபிறகும் உங்களில் பாதிப் பேர் பேசமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் பேசவில்லையே. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் என்னைக் கேட்ட கேள்வி ஒன்று இன்னும் பதில் இல்லாமல் கிடக்கிறது. கேட்ட இடத்தில் சொல்லவில்லை. காகிதத்தில் சொல்கிறேன்.

இல்லைங்க. பேட்ஜை யாரும் போட்டுக்கொள்ளவில்லை. எட்டு வருடமும் அது அலமாரிக்குள் இருந்தது. பூட்டியது நான். பாய் கை கதிருக்குள் இருந்தது. மிதித்ததும் நான்.

14 நவம்பர் 1999, ஞாயிற்றுக்கிழமை.